ஏழாவது நகர்த்தல்

முழங்கால் அறுவை முடிந்து ஆறு வாரம்.
எட்டாம் தெரு பஸ்ஸை வேறு யாரோ ஓட்டுகிறார்கள்.
சாஸ்கடூனில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
வாசலில் கார்
மின்கம்பியைக் கடித்தபடி தூங்குகிறது.
நான் என் பழைய ஆட்டங்களைத் திறந்துவைத்திருக்கிறேன்.

கறுப்பில் ஆடியவை அறுபத்து மூன்று.
அறுபத்து மூன்றிலும் ஒரே தொடக்கம், பிரெஞ்சுத் தடுப்பு.
இரண்டு கட்டம் போகலாம் என்று சட்டம் இருந்தும்
ராஜாவின் சிப்பாய் ஒரு கட்டமே போகும்.
போய் நின்று
பின்னாலிருக்கும் மந்திரிக்கு வாசலை அடைக்கும்.
ஏன் இதையே ஆடுகிறாய் என்றால் பதில் இல்லை.
ரசத்துக்கு ஏன் எப்போதும் அதே கரண்டி?

ஒரு நகர்த்தலுக்கு மூன்று நாள்.
கான்ஃபெடரேஷன் முனையத்தில் வண்டி நிற்கும்
ஏழு நிமிடத்தில் ஒன்று,
துணி சுற்றி முடிவதற்குள் ஒன்று,
பல் டாக்டர் கூப்பிடும்வரை ஒன்று.
எல்லாவற்றுக்கும் மணி, நிமிடம் பதிவாகியிருக்கிறது.
நாட்குறிப்பு எழுதாதவளுக்கு
இதுதான் நாட்குறிப்பு.

கணினிக்கு இரக்கம் இல்லை, கோபமும் இல்லை.
நான் ஒரு வாரம் பெருமைப்பட்ட யானைப் பலிக்கு
ஒரு கேள்விக்குறி.
வெட்கத்தோடு பின்வாங்கிய குதிரையைப் பற்றி
ஒன்றுமே சொல்லவில்லை;
சரி என்று அர்த்தம்.

தோற்றதெல்லாம் அந்த அடைபட்ட மந்திரியால்தான் என்று
ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
எண்ணிப் பார்த்தால் அப்படி இல்லை.
நான்கு ஆட்டம், ஒரே குழி.
நடுவில் வெள்ளைச் சிப்பாய்
காவல் குறைந்து நிற்கிறது.
குதிரையால் அடிக்கிறேன்.
குதிரை அடிக்கிறது.
ராணியால் அடிக்கிறேன்.
அப்போது வெள்ளை மந்திரி விலகிப் போய்
என் ராஜாவுக்குச் செக் சொல்கிறது.
அது விலகிய வழியே
அவர்கள் ராணி என் ராணியைப்
பார்த்துக்கொண்டிருக்கிறது.

முதல் முறை, இரவு இரண்டே கால்.
அண்ணனுக்கு விசா மறுத்த வாரம்.
இரண்டாம் முறைக்குக் காரணமே இல்லை.
ஞாயிறு மதியம், நல்ல வெயில்,
வயிறு நிறைந்திருந்தது.
மூன்றாவதற்கு இரண்டரை நாள் யோசித்திருக்கிறேன்.
இரண்டரை நாள் யோசித்து
அதே இடத்தில் கால் வைத்திருக்கிறேன்.
நான்காவது யார்க்டனில் இருக்கும் டோரதி இல்சுக்கோடு.
முதலாவதும் அவரோடுதான்.
ஒரே ஒரு வார்த்தை அனுப்பியிருந்தார்:
"மறுபடியுமா?"

மருந்து சின்னது.
ஏழாவது நகர்த்தலில் எதையும் தொடாமல்
நான் திட்டித் தீர்த்த அந்த மந்திரி
ஒரு கட்டம், ஒரே ஒரு கட்டம்
எழுந்து நின்றால் போதும்.
செக் வராது.
பிறகு சிப்பாயை அடிக்கலாம், ராணி பிழைக்கும்.
இதை ஒரு தாளில் எழுதி
மாத்திரை அட்டவணைக்குப் பக்கத்தில்
ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.
பிசியோதெரபிக்கு வந்த பெண் படித்துவிட்டு,
எந்த மந்திரி, எந்தக் கட்சி என்றாள்.
பாலக்காட்டுப் பெண், தமிழ் படிப்பாள்.

பிப்ரவரியில் டோரதி புது ஆட்டம் கேட்டார்.
அதே சிப்பாய், அதே ஒரு கட்டம்,
அதே வரிசையில் ஐந்து நகர்த்தல் இறங்கினோம்,
தெரிந்த மாடிப்படி மாதிரி.
ஆறாவதற்கு அவர் முழுதாக மூன்று நாள் எடுத்தார்.
நான் ஏழாவதைக் கையில் வைத்துக்கொண்டு
காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன்,
இருபது, இருபத்தொன்று.

இன்று காலை வந்தது.
மந்திரியைத் தொடவில்லை.
ஓரத்துச் சிப்பாயை
ஒரு கட்டம் தள்ளியிருக்கிறார்.

அவ்வளவுதான்.
யார்க்டனிலும் குளிர் இப்படித்தான் இருந்திருக்கும்.
அவரும் பழையவற்றைத் திறந்துவைத்திருக்க வேண்டும்.

ஃபிரிட்ஜில் தாள் அப்படியே இருக்கிறது.
எனக்கு மூன்று நாள் இருக்கிறது.
ஐஸ் பை உருகி முழங்கால் நனைகிறது,
துடைக்க எழவில்லை.