தொண்ணூற்றொன்பது

யெல்காவாவில் பிப்ரவரி.
உறைந்த ஆற்றில் துளையிட்டு
மீனுக்குக் காத்திருக்கிறார்கள் சிலர்.
மூன்றாம் மாடியில் நான்
எண்களுக்குக் காத்திருக்கிறேன்.

ஆராய்ச்சியாளர் அல்ல நான்,
அவர்களுக்குக் கணக்குப் பார்ப்பவள்.
கன்றுகளுக்குச் சோயாவுக்குப் பதில்
பட்டாணி அரைத்துப் போட்டுப் பார்க்கும் ஜித்ராவும்,
எழுத்துகளைச் சற்றே அகட்டி அச்சடித்தால்
திக்குகிற பிள்ளை வேகமாக வாசிக்குமா என்று
ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் ஏறி இறங்குபவர்களும்,
ரத்த அழுத்த மாத்திரையைக்
காலையில் தருவதா இரவில் தருவதா என்று
இன்னும் சண்டை போடும் டாக்டர்களும்
கடைசியில் என் கதவைத்தான் தட்ட வேண்டும்.

உள்ளே வந்தபின் எல்லாம் ஒரே கொட்டில்.
கன்றுக்கு ஒரு வரிசை, குழந்தைக்கு ஒரு வரிசை,
தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டே இலக்கம்.

தகவல் இல்லாத கட்டத்தில்
தொண்ணூற்றொன்பது போடுவது எங்கள் வழக்கம்.
ஒருமுறை அதை விலக்க மறந்துவிட்டேன்.
முப்பது பிள்ளைகளில் இரண்டு பேருக்கு வயது தெரியாது,
இரண்டாம் வகுப்பின் சராசரி வயது
பதினான்கு என்று வந்து நின்றது.
அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
ஒவ்வொரு தொண்ணூற்றொன்பதையும்
ஏன் என்று கேட்காமல் விடுவதில்லை.

கன்று எண் பதினேழு:
வயிறு உப்பி, ஞாயிறு விடியலில்.
மாணவி ஏழு: அம்மாவோடு அயர்லாந்து போய்விட்டாள்,
அங்கே ஒரு காளான் பண்ணையில் வேலையாம்.
நோயாளி நாற்பத்திரண்டு:
அவர் ஊருக்குப் பேருந்தை நிறுத்திவிட்டார்கள்.
கரண்டி ஆய்வில் பதினொன்று:
காரணம் எழுதப்படவில்லை.

கரண்டி ரைத்திஸ் செய்தது.
கை நடுங்குகிறவர்களுக்கு.
காம்புக்குள் கட்டைவிரல் அளவு மோட்டார்;
கை இடப்பக்கம் ஓடினால்
கிண்ணம் வலப்பக்கம் ஓடிச் சமன் செய்யும்.
பத்து வாய்க்கு எத்தனை சொட்டுச் சிந்துகிறது,
அதுதான் அளவு. மூன்று வருட உழைப்பு.
பி மதிப்பு 0.06.
எள்ளளவு.
இன்னும் ஒருத்தர் இருந்திருந்தால், என்றான் ரைத்திஸ்,
என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்து.

பங்கேற்றவர் பெயர் எனக்குத் தெரியக் கூடாது.
தெரிந்துகொண்டேன்.

தோபெலே தாண்டி, பனி வழிக்காத மண்பாதை.
தெயோடோர்ஸ் கதவைத் திறந்ததும்
முதலில் சொன்னது: திருப்பித் தர மாட்டேன்.
படிவத்தில் கையெழுத்துப் போட்டது நிஜம்தான்,
போலீஸைக் கூப்பிடு வேண்டுமானால்.

அடுப்பில் பீட்ரூட் சூப்.
உள்ளறையில் ஒதிலியா,
பக்கவாதம் வந்து இரண்டாவது குளிர்காலம்,
வெள்ளைத் தலையணை உறை.
நான் நிற்பதைப் பொருட்படுத்தாமல் அவர்
ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.
தோளிலிருந்து மணிக்கட்டு வரை
காற்றில் அகப்பட்ட துணிபோல உதறிய கை.
அதன் நுனியில்
அசையாத ஒரு வாய்ச் சிவப்பு.
மெல்ல முனகியது மோட்டார்.
அவள் வாய் திறந்தாள்.

எங்கள் படிவத்தில் இருபத்தாறு கேள்விகள்.
யாருடைய வாய் என்று ஒரு கேள்வி இல்லை.

போகும்போது சார்ஜர் வயர் நைந்துவிட்டது என்றார்.
காரில் இருந்த என்னுடையதைக் கொடுத்தேன், பொருந்தியது.
விதிமீறல்களில் இது எத்தனையாவதோ.

திங்கட்கிழமை
பதினொன்றாம் வரிசையில் தொண்ணூற்றொன்பது
அப்படியே இருந்தது.
0.06 அப்படியே இருந்தது.
காரணம் என்ற கட்டத்தில் மட்டும்
'கருவி பயன்பாட்டில் உள்ளது' என்று அடித்தேன்.
ஆய்விதழ் அதைப் போடாது.

ரைத்திஸ் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு
வாசலிலேயே நின்றான்.
பார்த்தாயா? என்றான். எவ்வளவு சிந்தியது?

எண்ணவில்லை என்றேன்.

எண்ணினேன்.
ஒரு கிண்ணம் முழுக்க,
இரண்டு சொட்டு.