நாலரை பார்

பெட்டியின் முத்திரையில் ஓர் எழுத்து கோணல்.
பார்த்தேன்.
பார்த்துவிட்டுத்தான் விற்றேன்.

பிராசிகாபாவில் அது கரும்பு வெட்டும் மாதம்.
ஊரே பாகு மணக்கும்,
கடைக் கண்ணாடியில் சாம்பல் ஒட்டும்.
ஜுரேமா கையுறையைக் கழற்றாமலே வந்தாள்,
ஆலையில் டேங்கர் ஓட்டுகிறவள்.
தொண்ணூற்றிரண்டு மாடல் ஃபோக்ஸ்வாகன் கோல்,
டர்போ பூட்டி, முழுக்க ஆல்கஹாலுக்கு மாற்றியது.
"பெட்ரோலுக்குப் போதுமாயிருந்த பம்ப்
இப்போது மூச்சு வாங்குகிறது."

வாங்கத்தான் செய்யும்.
பெட்ரோல் ஒரு குவளை கேட்கும் இடத்தில்
ஆல்கஹால் ஒன்றரை கேட்கும்.
காற்றின் ஈரத்தைக் குடிக்கும், பழைய ரப்பரைத் தின்னும்,
தொட்டியடியில் பழுப்புக் கூழாய்ப் படியும்.
இதெல்லாம் அவளுக்கே தெரியும்.
நான் சொன்னது விலை மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை, பந்தயத் தடம்.
சாவியின் முதல் திருப்பில்
பின்னிருக்கைக்கு அடியில் அந்த ரீங்காரம், இரண்டு நொடி.
வேலியோரம் நின்ற எனக்குக் கேட்டது.
சுருதி அரைக்கட்டை ஏறியிருந்தது.
கைதட்டுகிறவர்களோடு நானும் தட்டினேன்.

பச்சை விளக்கு.
முதல் கியர். இரண்டு.
மூன்றில் டர்போ நிரம்பும்போது
முள் நாலரைக்கு ஏற வேண்டும்.
நாலு.
மூன்றே முக்கால்.

இந்த இடத்தில் எல்லாரும் பார்ப்பது எல்லைக்கோட்டை.
அவர்களுடைய பிஸ்டன்களை எடைக்கு வாங்கியிருக்கிறேன்,
நடுவில் மெழுகாய் உருகி ஓட்டை விழுந்தவை.
ஜுரேமா முள்ளைப் பார்த்தாள்.
காலை எடுத்தாள்.
பக்கத்துத் தடத்து செவெட் கடந்து போக
கூட்டம் ஊளையிட்டது.

திங்கட்கிழமை நான் ஷட்டரைத் தூக்குமுன் நின்றிருந்தாள்.
மேசைமேல் வைத்தாள் பம்பை,
இரண்டாய் அறுத்து.
செம்புக் கம்பி என்றது அலுமினியம், மேலே பூச்சு.
கார்பன் துண்டு பாதிக்குமேல் மாவு.
"கால் தொட்டிக்குக் கீழே நான் ஓட்டியதே இல்லை.
சுற்றியிருக்கிற ஆல்கஹால்தானே இதற்குக் குளிர்ச்சி.
வடிகட்டி புதுசு. ஒயர் தடித்தது.
என் பக்கம் எல்லாம் பார்த்துவிட்டேன்" என்றாள்.
மீதியைச் சொல்லவில்லை.

பணத்தைத் திருப்பினேன்.
இரண்டு தடவை எண்ணினாள்,
என் எதிரிலேயே.

அலமாரியில் இன்னும் பதினோரு பெட்டிகள்,
பதினொன்றிலும் அதே எழுத்து கோணல்.
எடுத்தெறியவில்லை.
விலைச்சீட்டைக் கிழித்திருக்கிறேன்,
அவ்வளவுதான் இதுவரை.