நாற்பத்தேழாம் அடிக்குறிப்பு

ஓலையில் எகரத்துக்குப் புள்ளி இல்லை,
ஏகாரத்துக்குக் கால் இல்லை.
எழுதியவர் அவசரமோ, அந்தக் காலத்து வழக்கமோ,
ஒரே எழுத்து
ஊரைச் சூழ்ந்து நிற்கிறது.

எரிசூழ் மூதூர்.
ஏரிசூழ் மூதூர்.

சூளையில் அச்சான பழைய பதிப்பில்
ஏகாம்பரம் பிள்ளை ஏரி என்று போட்டிருக்கிறார்.
காரணம் சொல்லவில்லை.
அன்று அவர் ஜன்னலுக்கு வெளியே
ஏதாவது ஏரி இருந்திருக்கும்.
கோட்டூர்புரத்தில் நான் பார்த்த பிரதியில்
யாரோ பென்சிலால் எரி என்று திருத்தி
பிறகு அதையும் அடித்திருக்கிறார்கள்.

யாப்பைக் கேட்டேன்.
ஒன்று புளிமா, மற்றது கூவிளம்,
அகவல் இரண்டையும் உள்ளே விடும் என்றது.
எதுகையைக் கேட்கலாமென்றால்
அடுத்த அடியின் தலையைப்
பூச்சி தின்றுவிட்டது.
உரைகாரர் ‘பொருள் வெளிப்படை’ என்று எழுதிவிட்டு
அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

மூன்று வாரம்.
காலையில் பகைவர் வைத்த தீ.
மாலையில் அல்லி, நாரை, மதகு.
பறக்கும் ரயிலில் வேளச்சேரி வரை போய்
இறங்க மறந்து
அதே வண்டியில் திரும்பியதும் உண்டு.

பக்கம் கட்டுகிறவர் டில்லிபாபு.
வீடு பெருங்குடி, குப்பைக் கிடங்குக்குப் பின்தெரு.
“மேடம், குறிலா நெடிலா?
நாளைக்கு ஃபாரம் ஏறணும்” என்றார் போனில்.
நான் வாயைத் திறக்குமுன் இருமினார்.
நாலு நாளாகக் கிடங்கு எரிகிறதாம்.
ஜன்னலில் ஈரத்துணி கட்டியும் புகை நிற்கவில்லை,
பிள்ளையைத் திருவொற்றியூருக்கு அனுப்பியாயிற்று.
போன டிசம்பரில்
அதே ஜன்னல் வழியாகத்தான் படகில் ஏறினார்களாம்.
“ஏரின்னு தெரிஞ்சிருந்தா வாங்கியிருக்கவே மாட்டேன் மேடம்.
பத்திரத்துல மனைன்னுதான் போட்டிருந்தது.”

அந்தப் பத்திரத்துக்கும்
ஒரு மூலப்பிரதி எங்காவது இருக்கும்.

பாடத்தில் எரி என்றே வைத்தேன்.
கடினமான பாடமே பழைய பாடம் என்று
ஒரு விதி உண்டு;
நான் அதை முழுதாக நம்பியதில்லை.
ஏகாம்பரம் பிள்ளையின் ஏரியைக்
கீழே கொண்டுபோனேன்,
பக்கத்தின் தாழ்ந்த இடத்துக்கு,
சின்ன எழுத்தில்.

தண்ணீர் எப்படியும்
அங்கேதான் வந்து நிற்கும்.