இளஞ்சிவப்பு வரும்வரை

சித்தூர் ஆஸ்பத்திரி, இரவு ஒன்பதே முக்கால்.
ஏழாம் கட்டில்: தேசப்பன்,
ஏகாம்பரகுப்பம், விசைத்தறி, வயது நாற்பத்தொன்று.
மூக்கு வழியே ரப்பர் குழாய்.
கால்மணிக்கு ஒருமுறை உறிஞ்சி எடுத்து
சீசாவில் நேரம் எழுதுவது என் வேலை.

காலையில் டாக்டர் சேஷகிரி கேட்டார்:
"கடுபு நொப்பியா?"
அவர் பாஷையில் கடுபு என்றால் வயிறு.
எங்கள் பாஷையில் கடுப்பு.
நடுவே ஒரு ப்.
பத்து வருஷமாய் அந்த ஒற்றில்தான்
குடியிருக்கிறான் இவன்.

முதலில் பசித்தால் எரிந்ததாம்,
தின்றால் அடங்கியதாம்.
சோடா உப்பு, மோர், பீடி,
மறுபடி சோடா உப்பு.
இந்த ஆடியோடு எரிச்சல் போய்
கனம் வந்து உட்கார்ந்துகொண்டது.
வெள்ளிக்கிழமை தின்ற கொத்தவரங்காய்
ஞாயிறு ராத்திரி தறிக்கூடத்துப் பின்னால்
விதை விதையாய் வெளியே விழுந்தது,
பேர் சொல்லிக் கூப்பிடலாம் போல.
"கசக்கலைம்மா. புளிப்புதான்."
டாக்டர் அதைத்தான் இரண்டு தரம் கேட்டார்.
கசப்பு கீழே இருந்து ஏறி வருவது.
ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை;
புண் ஆறி ஆறி
வாசலையே தைத்துவிட்டது.

இடுப்பைப் பிடித்துக் குலுக்கினார் டாக்டர்.
பாதிக் குடம் தண்ணீர்
நகரி பஸ்ஸில் போகிற சத்தம்.
நர்ஸ் பெண்கள் சிரித்தார்கள்.
தேசப்பனும் சிரித்தான்,
அதனால் சத்தம் இன்னொரு தரம் கேட்டது.
பிறகு எல்லோரும் குனிந்து பார்த்தோம்:
ஒட்டிய தோலுக்கு அடியில்
இடமிருந்து வலமாய் ஒரு புடைப்பு
மெதுவாய் உருண்டு போனது.
"நாடான்னா திரும்பி வரணுமே" என்றான்.
அது வரவில்லை.
சற்றுப் பொறுத்து இடப்பக்கமே
இன்னொன்று கிளம்பியது.

முதல் உறிஞ்சலில் ஒன்றேகால் லிட்டர்.
வாடை அறையைவிட்டுப் போக மணி பதினொன்று ஆனது.
அதன்பின் வந்ததெல்லாம் தெளிவு,
கண்ணாடித் தெளிவு.
ஒரு பருக்கை இல்லாத வயிற்றில்
கால்மணிக்கு முப்பது மில்லி,
அடுத்த காலுக்கு முப்பத்தி நாலு.
கதவு அடைத்ததை யாரும் அதற்குச் சொல்லவில்லை.
கரண்ட் போனால் தறி நிற்கும்.
இது நிற்காது.
சரக்கு வாங்க ஆள் இல்லாத பட்டறையில்
விடிய விடிய ஒருத்தன் வேலை செய்கிறான்,
கூலியும் கேட்காமல்.

முனிலட்சுமி தரையில் எழுந்து உட்கார்ந்து
"ஒரு இட்லி கரைச்சு ஊத்தலாமா" என்கிறாள்.
மூன்றாவது தரம் கேட்கிறாள்.
கூடாது என்கிறேன். அவளுக்குக் கோபம்.
புருஷனைப் பட்டினி போட்டு
அவன் தண்ணீரை அளக்கிற பொம்பளை நான்.

குடுவையில் பத்து மில்லி.
மேலே நீள் கண்ணாடியில் காரம்.
சொட்டு. சொட்டு.
விழுந்த இடத்தில் நிறம் வந்து
ஆட்டினால் காணாமல் போகும்.
இன்னும் புளிக்கிறது, இன்னும், இன்னும்.
அப்புறம் ஒரே ஒரு சொட்டு;
குடுவை முழுக்க இளஞ்சிவப்பு.

குழாயோடு தலையைத் திருப்பி
தேசப்பன் பார்த்துக்கொண்டிருந்தான்.
"என் வயித்துலயா இந்தக் கலர்?"
இருக்கு என்றேன். பாதிப் பொய்.
"போன தையில ஒரு பாவு
இந்த நிறத்துலதான் ஏத்தினேன்.
முதலாளி பொண்ணு கல்யாணத்துக்கு."

வியாழக்கிழமை ஆபரேஷன்.
பழைய வாசலை அப்படியே விட்டுவிட்டு
பக்கத்தில் ஓட்டை போட்டு
குடலை மேலே இழுத்துத் தைப்பார்கள்.
அமிலத்துக்குச் சேதி கொண்டுபோகும் நரம்பையும்
அறுத்துவிடுவார்கள்.
சொன்னேன். முதல் பாதிதான் அவனுக்குப் புரிந்தது.
"இழை அறுந்தா பக்கத்துல முடிச்சு.
தெரிஞ்சதுதானே."

எண்ணை எழுதிவிட்டு நிமிர்ந்தபோது
குடுவையில் நிறம் வெளுத்திருந்தது.
காற்றுப் பட்டால் அப்படித்தான்.
"சாயம் நிக்கலையேம்மா" என்றான்,
ஏதோ நான் ஏமாந்துவிட்ட மாதிரி.

மணி இரண்டேகால்.
அடுத்த சீசாவை எடுத்தேன்.