விளிம்புப் பந்து

அந்த நவம்பரில் நாங்கள்
நிலாவோடு மேசைப்பந்து ஆடினோம்.

நிலாவோடு என்றால், அங்கே இருக்கும் பள்ளியோடு.
பாதி மேசை இங்கே, பாதி மேசை அங்கே,
நடுவில் மூன்று லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
பந்து வெறும் வெளிச்சம்.
பிப்பாலுக் அடித்தால்
ஒன்றேகால் நொடி அது யாருடைய பந்தும் இல்லை.
சொலோங்கோ திருப்பினால்
இன்னொரு ஒன்றேகால் நொடி
எங்களில் ஒருவரும் மூச்சு விடமாட்டோம்.

எங்கள் ஊர் உபெர்னாவிக். தீவு.
பணக்காரப் பள்ளிகள் செயற்கைக்கோளை வாடகைக்கு எடுக்கும்.
எங்களுக்குக் கூரைமேல் ஒரு தட்டு,
மீன் தொழிற்சாலை கழித்துப் போட்டது.
அதன் கண்ணில் நிலா பட்டால் ஆட்டம்.
குளிர்காலத்தில் எங்கள் நிலா
ஒரு வாரம் மறையாமல் சுற்றும்,
பிறகு ஒரு வாரம் எட்டிக்கூடப் பார்க்காது.

பதினொன்றுக்குப் பத்து, நாங்கள் முன்னால்.
பிப்பாலுக் மணிக்கட்டை மடக்கி ஒன்று விட்டாள் பாருங்கள்!
பந்து போனது.
பின்னாலேயே நிலாவும் போனது,
பனிமலைக்குக் கீழே.

பந்து விழும்வரை புள்ளி முடியாது, இது விதி.
எட்டு நாள் ஆகும், இது பஞ்சாங்கம்.
மேசையை அணைக்காமல் முறைவைத்துக் காவல் இருந்தோம்.
எனக்குக் கிடைத்தது ஏழாம் நாள் மாலை,
ஒன்றும் நடக்காது என்று எல்லோருக்கும் தெரிந்த முறை.
நான் மாற்று ஆட்டக்காரன்.
மூன்று வருஷமாக
மற்றவர்களின் துண்டுகளை மடித்து வைத்தவன்.

கடுங்குளிரில் காற்று கண்ணாடிபோல் வளையுமாம்.
அடியில் கிடக்கும் நிலாவை
ஒரு நாள் முன்னதாகவே தூக்கிக் காட்டுமாம்.
இதெல்லாம் பிறகு படித்தது.
அப்போது பார்த்தது, தெற்கு ஜன்னலில்
நசுங்கிய ஆரஞ்சுச் சுளை ஒன்று.
தட்டு முனகியது.
ஏழு நாள் அவர்கள் கோபுரத்தில்
வரிசையில் நின்ற பந்து
வலையைத் தாண்டி வந்தது.

என் கையில் மட்டை இல்லை.
கருவாடு இருந்தது.

இடது மூலை.
விளிம்பில் ஒரு மயிரிழை.
'டக்' என்றுகூட இல்லை, வெறும் 'ட்'.

நடுவர் எந்திரம் நாளைக்கு அலாரம் வைத்துத் தூங்கியது.
பலகையில் இரண்டு பொத்தான்கள் மட்டும் மினுங்கின:
உள்ளே. வெளியே.
வெளியே என்றால் கோப்பை எங்களுக்கு.
வெளிச்சப் பந்து தடம் விடாது.
சாட்சி நான், ஒரு கருவாடு.

பொத்தானைத் தொடவில்லை.
ஜன்னலைத் திறந்து கத்தினேன்.

பிப்பாலுக் ஒற்றைக்கால் பூட்ஸோடு ஓடி வந்தாள்.
"எங்கே விழுந்தது?"
விளிம்பில் விரலை வைத்தேன்.
விரலை எடுத்தபின்னும்
அந்த இடத்தில் மீன் எண்ணெய் பளபளத்தது.

குனிந்து பார்த்தாள்.
பக்கவாட்டில் பார்த்தாள்.
என்னை ஒரு பார்வை,
அதை மட்டும் சொல்லமாட்டேன்.
"இப்படியா சுழற்றினாள், கழுதை!"
திட்டா, பாராட்டா, இன்றுவரை தெரியவில்லை.
'உள்ளே' பொத்தானை அவளே குத்தினாள்.

பதினொன்று, பதினொன்று.
சுளை கரைய இன்னும் பத்து நிமிஷம் இருக்கலாம்.
"உயார்னெக், துண்டு!"
முகத்தைத் துடைத்து என்மேலேயே எறிந்துவிட்டு
சர்வீஸ் போட்டாள்.

யார் ஜெயித்தார்கள் என்று கேட்காதீர்கள்.
பதின்மூன்று, பதின்மூன்றில் நிலா மறுபடி மூழ்கியது.
இந்த முறை பந்து எங்கள் பக்கம்.
கூரைத் தட்டுக்குள்
விடியும்வரை முனகிக்கொண்டே கிடந்தது.