அனாமத்து

இருப்பாய்வு உதைக்கிறது. நாற்பது சிடி.
போல்கடாங்காவில் மின்சாரம் போய் ஒரு மணி நேரம்,
விடுதி முழுக்க ஆளுக்கொரு கைபேசி வெளிச்சம்.
பாடப்புத்தகக் கம்பெனிக்கு மூன்று லாரி, ஒரு கிடங்கு;
அதன் கணக்கு எனக்கு எப்போதும் நேராகிவிடும்.
நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருப்பது அம்மாவுடையது.

சோளம், விறகு, பித்தோ காய்ச்சும் பானைகள் இரண்டு.
விரிசல் விட்டதற்குத் தேய்மானம் எழுதினேன்.
சிரித்தாள்: "அதில்தான் நுரை நன்றாக வரும்."
கடனாளிகள் கதவில், கரிக்கோடுகளாய்.

தச்சர் அகுரிகோவுக்குப் பதினொரு கோடு.
போன மாதம் செத்துப்போனார்.
அம்மா ஈரத்துணியால் கதவைத் துடைத்தாள்.
வாராக்கடன். அது பாடத்தில் இருக்கிறது, எழுதிவிட்டேன்.

பிறகு ஒரு பானை நிறைய இறக்கி
தலையில் வைத்துக்கொண்டு சாவு வீட்டுக்குப் போனாளே,
அது விற்பனை இல்லை.
எடுப்பும் இல்லை, அவள் ஒரு வாய் குடிக்கவில்லை.
விளம்பரச் செலவு என்கிறாள்
பக்கத்துக் கட்டில் லாமிசி, பாதித் தூக்கத்தில்.

அயம்பா சார் சொல்வார்:
தலைப்புத் தெரியாததை அனாமத்தில் போடு,
தெரிந்ததும் மாற்று.

போட்டேன்.
பென்சிலால்.