தையல்

குத்தாயிசி நாடக அரங்கின் மூன்றாம் மாடி.
வலப்பக்கம் ராணிகள். சன்னலோரம் விதவைகள்.
கதவுக்குப் பின்னால், அந்துருண்டை வாசத்தில்,
கடைசி அங்கத்தில் சாகிறவர்கள்.

என் பெயர் மக்வாலா. இருபத்திரண்டு வருடமாக
இவர்களுக்குக் கொக்கி மாட்டிவிடுகிறேன்.
எந்தக் கதையும் எனக்கு முழுசாகத் தெரியாது.
மேடையைப் பக்கவாட்டில் நின்றுதான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் கறை தெரியும்.
ஆண்களுக்கு ரத்தம் எங்கெங்கோ இருக்கும்,
தோளில், தொடையில், ஒருமுறை தொப்பியில்.
பெண்களுக்கு எந்த நூற்றாண்டானாலும்
இடது மார்புக்குக் கீழே, நாலு விரல் அகலம்.
பீட்ரூட் சாறும் தேனும் கலந்த ரத்தம்.
பச்சைத் தண்ணீர், கல்லுப்பு, பொறுமை.
வெந்நீர் பட்டால்
துணியோடு குடித்தனம் நடத்தத் தொடங்கிவிடும்.

ஆதிகாலத்து ராணிக்குத் தையலே கிடையாது.
ஒரே துணி, தோளில் இரண்டு ஊசி.
பிறகு வந்தவளுக்குக் கையை இறுக்கித் தைத்தார்கள்.
தூக்கினால் அக்குள் கிழியும்;
அதனால் சாபமிடும்போதுகூட
முழங்கைக்குக் கீழேதான் கோபப்படுவாள்.
அப்புறம் திமிங்கில எலும்பு.
அதற்குள் பாதி மூச்சுக்குத்தான் இடம்.
எழுதினவரோ ஒரு பக்கத்துக்கு வசனம் வைத்திருக்கிறார்.
மூச்சு முட்டி அவள் சாய்கிறாள்;
ஆஹா, காதல் என்று கை தட்டுகிறார்கள்.

எல்லோரும் கடிதத்தை மார்புக்குள் ஒளிக்கிறார்கள்.
நாணம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.
இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஒரு மதியம்
மின்சாரம் போனது.
சூடு ஆறும் பெட்டியோடு சும்மா நின்றபோது உறைத்தது:
வேறு இடம் இல்லை.
இத்தனை பட்டில், இத்தனை கஜத்தில்
ஒரு பை கிடையாது.

தொழிற்சாலைப் பெண்ணுக்கு மட்டும் இரண்டு,
பெரிதாக, வெளியே தெரியும்படி.
ஒன்றில் ஸ்பேனர், ஒன்றில் மகனின் கைக்குட்டை.
துழாவிப் பார்த்திருக்கிறேன்.
அவளுடையது எதுவும் இல்லை.

அந்தக் குளிர்காலம் நீலப்பட்டை எடுத்தேன்.
நீதிபதியின் மனைவி.
நாலாம் அங்கத்தில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பாள்,
பிறகு காகிதப் பனியில் இறங்கி நடப்பாள்.
எங்கே என்று எழுதினவர் சொல்லவில்லை.
வலது ஓரத் தையலைப் பிரித்து
பழைய கோட்டின் உள்துணியில் ஒரு பை வைத்தேன்.
லம்சீராவிடம் சொல்லவில்லை.

மூன்றாவது நாள் ஆட்டத்தில்
அவள் கை தானாக அதற்குள் போய்விட்டது.
போன கை வரவில்லை.
கணவன் வேடக்காரர் காத்திருக்கிறார்,
மண்டியிடப் போகிறாள் என்று.
பையில் கை இருக்கையில் மண்டியிட வராது,
நீங்கள் வேண்டுமானால் செய்து பாருங்கள்.
நின்றபடியே பேசினாள்.
ஒரு சொல் மாறவில்லை.
"என்னை மன்னியுங்கள்" என்றது
சந்தையில் விலை கேட்பது போல இருந்தது.
கூட்டத்தில் யாரோ இருமினார்,
பிறகு இருமவில்லை.

இயக்குநர் ஓத்தியா மூன்று மாடியும் ஏறி வந்தார்.
"எந்தக் காலத்து உடுப்பில் பை இருந்தது, மக்வாலா?"
இல்லைதான் என்றேன்.
"பிரி."
அவர் கண் முன்னாலேயே பிரித்தேன்.
வெள்ளை நூலில் தைத்திருந்தேன், என் தப்பு.
அவர் இறங்கும் சத்தம் கீழ்ப்படியில் தேய்ந்ததும்
நீல நூலைக் கோத்தேன்.

இப்போது எல்லா உடுப்பிலும் இருக்கிறது.
தையலே இல்லாத ராணிக்குத்தான்
கொஞ்சம் மூளையைக் கசக்க வேண்டியிருந்தது.
யாரும் யாரிடமும் பேசிக்கொள்வதில்லை.
துவைக்கும்முன் கையை விட்டுப் பார்க்கிறேன்:
சூரியகாந்தி விதைத் தோல்,
பாதி லிப்ஸ்டிக், மருந்துக்கடை ரசீது.
நேற்று, அந்தக் கறைக்கு நேர் கீழே,
பத்துமிக்கு ஒரு பஸ் டிக்கெட்,
ஞாயிறு காலை ஆறே கால்,
ஈரமாகாமல்.